மொட்டை மாடியில் கோடை மல்லி

பங்குனி பிறந்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தங்கை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வருடா வருடம் இதைக் கேட்பாள். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே வண்டிக்காரர்கிட்டதான் செடி வாங்கினோம். உங்களுக்கு மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, எனக்கு வெறும் இலையா நிக்குதே, ஏன்க்கா?" இரண்டு மாடிக்கும் ஒரே வெயில், ஒரே தண்ணீர். வித்தியாசமெல்லாம் கார்த்திகை மாதத்தில் ஒரு காலைப்பொழுதுதான். அன்றைக்கு நான் கத்தரியை எடுத்தேன், அவள் எடுக்கவில்லை.

எங்கள் வீடு மதுரையில். மாடியில் 14 மல்லித் தொட்டிகள், கீழே வாசலோரம் தரையில் ஒரு பழைய செடி. நான் பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு 40 சென்ட் மல்லித் தோட்டம் இருந்தது. கோடை வந்தால் அம்மா விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டோடு கிளம்பிவிடுவார், ஏழு மணிக்குள் மொட்டு மூட்டை பஸ் ஏறிவிடும். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ஆனால் அங்கே பார்த்துக் கற்றதைத்தான் இந்த மாடியில் செய்துகொண்டிருக்கிறேன். தோட்டத்துக்குச் சரியாக இருப்பது தொட்டிக்கும் சரியாகத்தான் இருக்கிறது, அளவை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும்.

முதலில் கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சி எத்தனை நீளம் வளர்ந்தாலும் அதனால் பூவுக்குப் பயன் இல்லை. அதனால் மழைக்காலம் முடியும் சமயத்தில், நவம்பர் கடைசி வாரத்தில், மொத்தச் செடியையும் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவார்கள். முழங்கால் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடியை நான் மண்ணிலிருந்து ஒரு முழத்துக்குள் நிறுத்துகிறேன். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிந்த குச்சி, உள்பக்கமாகப் பின்னிக்கொண்டு வளர்வது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் கையால் உருவி விடுங்கள். அப்புறம் தொட்டியின் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் நன்றாக மக்கிய மாட்டு எருவைப் போட்டு, தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குச்சி முழுக்கச் செம்பச்சையில் துளிர்க்கும்.

முதல் முறை வெட்டும்போது கை நடுங்கும். பச்சைப் பசேலென்று நிற்கிற செடியை மொட்டைக் குச்சியாக்குவது லேசான காரியம் இல்லை. சின்ன வயதில் நான் அழுதிருக்கிறேன். "கோடையில வந்து பாரும்மா" என்று அப்பா சொன்னார். மாசிக் கடைசியில் போய்ப் பார்த்தேன், அதற்குப் பிறகு அழவில்லை.

கார்த்திகையை விட்டுவிட்டவர்கள் இப்போது, வெயில் ஏறிய பிறகு, முழங்கால் உயரத்துக்கு வெட்டக் கூடாது. தளிர் வெயிலில் கருகும், செடி தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கிளையிலும் நுனியிலிருந்து நான்கு விரல் அளவு மட்டும் கிள்ளி விடுங்கள். கீழே இருக்கும் முற்றிய, மஞ்சளடித்த இலைகளை உருவுங்கள். ஒரு கைப்பிடி எரு, நிறையத் தண்ணீர். பத்து நாளில் பக்கத் தளிர் வரும், மூன்று நான்கு வாரத்தில் மொட்டு தெரியும். பங்குனியில் கிள்ளினால் சித்திரைக்குப் பூ உண்டு. கவாத்து செய்த செடி அளவுக்கு வராது, ஆனாலும் தலையில் வைக்கவும் சாமிக்குப் போடவும் காணும். பக்கத்து வீட்டுச் செடியை இந்த வருடம் இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தோம்.

புதிதாகச் செடி வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். ஒருமுறை வண்டியில் வந்த ஒருவர் மதுரை மல்லி என்று சொல்லிக் கொடுத்த மூன்று செடிகளும் பூத்தபோது அடுக்கு மல்லியாக இருந்தன. அழகில் குறை இல்லை, குட்டி ரோஜா மாதிரி விரியும். ஆனால் சரம் தொடுக்க எனக்குத் தேவைப்பட்டது குண்டுமல்லி. பூவோ மொட்டோ இருக்கும் செடியாகப் பார்த்து வாங்கினால் இந்த ஏமாற்றம் வராது. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நாற்றுகளோ வழிவழியாக ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகின்றன. அப்பாவும் அங்கிருந்து வந்த பதியன்களைத்தான் (கிளையை மண்ணில் புதைத்து வேர்விட வைத்த கன்றுகள்) நட்டார். நடுவதற்கு நல்ல காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. இப்போது வாங்கினால் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்கி, அப்புறம் வெயிலுக்கு நகர்த்துங்கள்.

தொட்டி 15 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. அடித்துளை மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பிய பைகளில் மல்லி எனக்குச் சரியாக வந்ததில்லை. மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருக்கும். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். தென்னை நிழலிலும் தண்ணீர்த் தொட்டி நிழலிலும் மல்லி இலையாகத்தான் வளரும்.

மாடியில் கோடையைத் தாண்டுவது

வெயில் மல்லிக்குத் தேவை, தரைச்சூடு ஆகாது. மதியம் இரண்டு மணிக்கு மதுரையில் மொட்டை மாடித் தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், வேர் என்ன பாடுபடும் என்று தெரிந்துவிடும். நான் ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். அடியில் காற்று ஓடும், நீரும் தேங்காது. தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வைத்தால் ஒன்றின் நிழல் அடுத்த தொட்டியின் சுவரில் விழும். கறுப்பு நிறப் பைகளாக இருந்தால் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். மண்ணின் மேலே மூடாக்கு அவசியம். காய்ந்த இலை, தேங்காய் மட்டை நார், வேர்க்கடலைத் தோல், எது கிடைக்கிறதோ அதை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள்.

தண்ணீர் காலையில் ஆறரை மணிக்குள். தொட்டியின் அடித்துளையில் கசியும் வரை ஒரே தடவையாக ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நான்கு முறை தெளிப்பதால் மேல்மண்தான் நனையும். விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் சின்னத் தொட்டிகளுக்கு மாலையிலும் ஒரு செம்பு ஊற்றுவேன். மதிய வெயிலில் செடி துவண்டு நின்றாலும் அப்போது ஊற்றாதீர்கள். பொழுது சாய்ந்ததும் தானாக நிமிர்ந்தால் அது வெயிலுக்குத் துவண்டது. நிமிராவிட்டால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்கும், அதனால் அரிசி கழுவிய தண்ணீரையெல்லாம் சேர்த்து ஊற்றுகிறேன். ஆனால் குடிநீர் வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரைத் தினமும் ஊற்ற வேண்டாம், அதில் உப்பு அதிகம். உப்பு ஏறிய மண்ணில் இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் மாறும். அது இரும்புச்சத்து ஏறாத அடையாளம். நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, காலையில் இலைமேல் தெளியுங்கள். வாரம் ஒன்றாக இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத்தளிர் பச்சையாக வரும்.

உரத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு வருடம் சீக்கிரம் வளரட்டும் என்று மாசியில் யூரியாவைக் கொடுத்தேன். செடி இடுப்புயரம் வந்தது, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அந்தக் கோடை முழுவதும் ஒரு சரத்துக்குக்கூடப் பூ தேறவில்லை. தழைச்சத்து அதிகமானால் மல்லி இலையிலேயே நின்றுவிடும். இப்போது 15 நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். இடையில் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். ஒரு கைப்பிடி புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததை எடுத்து பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஈரமான மண்ணில்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் வெந்துபோகும். மாதம் ஒருமுறை ஒரு கரண்டி விறகுச் சாம்பல். பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து இலைமேல் தெளிக்கலாம், மொட்டு திரட்சியாக இருக்கும்.

மொட்டைக் காப்பது

பங்குனி வெயிலில் முதலில் வருவது செஞ்சிலந்திப் பேன். கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலை மேல்புறம் ஊசி குத்தினாற்போல் மஞ்சள் புள்ளி விழும், இலையைத் திருப்பினால் மெல்லிய நூலாம்படை இருக்கும். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் மருந்து வேண்டாம். தண்ணீர்க் குழாயை விரலால் அமுக்கிப் பீய்ச்சி, இலையின் அடிப்புறத்தை மூன்று நாள் தொடர்ந்து கழுவுங்கள், அடங்கிவிடும். மீறினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலை வேளையில். கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும், அதனால் கத்திரி வெயில் நாட்களில் நான் அதைத் தொடுவதில்லை.

மொட்டுப்புழு வேறு மாதிரி. வெள்ளையாக இருக்க வேண்டிய மொட்டு ஊதா நிறமடிக்கும், பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று மொட்டுகள் நூலால் ஒட்டிக்கொண்டிருக்கும், மொட்டில் சிறு ஓட்டை இருக்கும். அந்தக் கொத்தை அப்படியே கிள்ளி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். செடி அடியில் எறிந்தால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி., அதோடு கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை மாலையில். வெட்டிய கையோடு கார்த்திகையிலேயே மேல்மண்ணைக் கிளறி வெயில் காட்டியிருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்திருக்கும்.

பூ எடுப்பது

இதற்கும் ஒரு கை வேண்டும், அம்மா என் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். நாளைக்கு மலர வேண்டிய மொட்டில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும், கெட்டியாக இருக்கும். இன்றைக்கு மலர வேண்டியது முத்து மாதிரி வெளுத்து, உப்பி, காம்பு நீண்டிருக்கும். பச்சை ஓடியதைப் பறித்தால் விரியாமல் அப்படியே சுருங்கிப்போகும். சூரியன் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். நகத்தால் கிள்ளாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து லேசாகத் திருகினால் குட்டைக் காம்போடு வந்துவிடும், பக்கத்துப் பச்சை மொட்டுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல சித்திரை நாளில் என் 14 தொட்டியிலும் சேர்த்து 300 மொட்டுக்குக் குறையாது.

பறித்ததை வாழை இலையில் பரப்பி, பிழிந்த ஈரத்துணியால் மூடி வையுங்கள். தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் பழுப்பேறும். சாயங்காலம் தொடுத்துவிட்டால் விளக்கு வைக்கும் நேரத்தில் விரிய ஆரம்பிக்கும். வாழைநாரை அரை மணி நேரம் நனைத்து, மெல்லிசாகக் கிழித்து, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு வைத்து ஒரு முடிச்சு. நெருக்கக் கட்ட வேண்டும், இழுத்துக் கட்டக் கூடாது.

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று மதுரையில் நாங்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வோம். அன்றைக்கு மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ விலையைக் கேட்கவே வேண்டாம். என் மாடியில் பூத்ததைத் தொடுத்துப் புதுக் கயிறு மாற்றி, அதையே தலையில் வைத்துக்கொள்ளும் அந்த ஒரு காலைக்காக வருடம் முழுக்கத் தண்ணீர் சுமப்பேன், எனக்கு அது பாரமே இல்லை. ஒரு கொத்து பூத்து ஓய்ந்ததும் அதன் கீழே இரண்டு கணு விட்டு வெட்டிவிடுங்கள். அடுத்த தளிர் அங்கிருந்து வரும், கோடை முழுக்க அலை அலையாகப் பூ இருக்கும்.

மல்லிக்குத் துணையாக

மாடியில் மல்லி மட்டும் இருந்தால் பகலெல்லாம் பச்சையாகத்தான் தெரியும், ஏனென்றால் அதன் வேலை சாயங்காலத்தில். பகலுக்கு நான் வைத்திருப்பது டேபிள் ரோஸ். எங்கள் தெருவில் பத்துமணிப் பூ என்பார்கள். மூன்று அங்குலத் துண்டுகளைக் கிள்ளி மணல் கலந்த மண்ணில் செருகினால் போதும். முழு வெயில் வேண்டும். நிழலில் இதழ் திறக்காது.

காகிதப்பூவை மல்லிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஞாபகமறதியில் அதற்கும் சேர்த்து ஊற்றிவிடுவோம். அது காயக் காயத்தான் பூக்கும். இலை லேசாகத் துவளும் வரை விட்டு அப்புறம் தண்ணீர் கொடுங்கள், நிறம் வந்து நிற்கும். நாம் பூ என்று ரசிக்கிற அந்தச் சிவப்பும் ஊதாவும் உண்மையில் இலைதான், நடுவில் குச்சி மாதிரி இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. நந்தியாவட்டைக்கு நான் எதுவுமே செய்வதில்லை, தினமும் சாமிக்குப் பூ தருகிறது.

கீழே மதில் ஓரம் மனோரஞ்சிதம் ஒன்று இருக்கிறது. பாதி நிழல் போதும், ஆனால் கொடி மரம் அளவுக்கு ஏறும், தொட்டிக்கு ஒத்துவராது. பூ பச்சையாக இலைக்குள் ஒளிந்திருக்கும், மஞ்சளாக மாறும்போதுதான் வாசனை வரும். நினைத்த பழத்தின் வாசனை அடிக்கும் என்று அம்மா சொல்வார். எனக்கு எப்போதும் பலாப்பழம்தான்.

மே மாதப் பூ கிழங்கு வைத்திருப்பவர்கள் இப்போது அதைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். இலை எல்லாம் காய்ந்து செத்த மாதிரி இருக்கும். கோடை மழை ஒன்று விழுந்ததும் இலைக்கு முன்னால் தண்டு கிளம்பி, சிவப்புப் பந்தாக ஒரே ஒரு பூ வைக்கும். அது உறங்கும் மாதங்களில் தண்ணீரை மிகவும் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கிழங்கு அழுகும்.

இந்த நேரத்தில் செவ்வந்தியை வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாசியில் விற்பனைக்கு நிற்கும் செவ்வந்தி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அது பகல் குறுகிய பனிக்காலத்தில் மொட்டு வைக்கிற செடி. வாங்கி வந்த பூ உதிர்ந்ததும் அடுத்த மொட்டுக்கு வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் வெயில் அதைக் கொண்டுபோய்விடும். அந்தக் காசுக்கு ஒரு மல்லிப் பதியன் வாங்கலாம்.

பதியனை நாமே போடலாம். ஆனி, ஆடியில் நாலு மழை விழுந்த பிறகு, கீழ்க்கிளை ஒன்றை வளைத்து, பக்கத்தில் வைத்த சின்னத் தொட்டி மண்ணில் ஒரு கணுவைப் புதைத்து, மேலே கல் ஒன்றை வைத்துவிடுங்கள். புதைக்கும் முன் கணுவின் அடிப்பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் வேர் சீக்கிரம் இறங்கும். ஈரம் காயக் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் இழுத்துப் பார்த்தால் பிடி கொடுக்கும், அப்போது தாய்ச்செடியிலிருந்து அறுத்துவிடலாம். பக்கத்து வீட்டுத் தங்கைக்காக வாசல் செடியில் இரண்டு கிளைகளுக்கு இப்போதே சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். அவளுடைய பழைய செடிகளுக்கு நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் கிளையை அவளே வெட்டட்டும்.